கல்லில் யார் பெயர்?



நம் ஊரின் பெயரிலேயே கல் இருக்கிறது. திண்டு போலக் கிடக்கும் கல், அதனால் திண்டுக்கல். அந்த மலையடிவாரத்துத் தேநீர்க் கடையில், ஒரு மாலை, மூவர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஆலையில் முப்பது ஆண்டு சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவர். இன்னொருவர் பூட்டுப் பட்டறைக்காரர். மூன்றாவது ஆள், மேடை கிடைத்தால் இரண்டு மணி நேரம் பேசத் தயங்காத நான்!

தோல் ஆலைத் தோழர் மகனுக்காக ஏதோ சான்றிதழ் வாங்கப் போயிருந்தார். போன இடத்தில் கேட்டார்களாம்: அப்பன் பெயர் என்ன? சொன்னார். பாட்டன் பெயர்? சொன்னார். பாட்டனுக்கு அப்பன்? எந்த ஊர்? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நா ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்துவிட்டார்.

"உனக்குத் தெரியுமாய்யா, உன் பாட்டனுக்கு அப்பன் பேரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தலையாலங்கானத்தில் வென்றவன் பெயர் எனக்குத் தெரியும். கடாரம் கொண்டவன் பெயர் தெரியும். கல்லணை கட்டியவன் பெயர் தெரியும். கூட்டந்தோறும் முழங்கியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் பாட்டனைப் பெற்றவன் பெயர்? தெரியாது தோழா, தெரியாது! தேநீர் ஆறிப்போயிற்று.

அன்று இரவு நினைவுக்கு வந்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். அவர் தமிழரல்லர். இந்தியரும் அல்லர். கடல் கடந்து, மொழி கற்று, நம் கோயில் சுவர்களில் இருந்த சின்னஞ்சிறு மனிதர்களின் பெயர்களை எண்ணியவர். ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமா. அவரிடம் போவதற்கு முன், அவர் எண்ண வந்தது ஏன் பெரிய செய்தி என்பது விளங்கவேண்டும். ஆகவே கொஞ்சம் சுற்றிப் போகிறேன், பொறுத்துக்கொள்.

நம் நாட்டில் வம்ச வரலாறு யாருக்கு இருந்தது? அரசனுக்கு இருந்தது. திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துப் பார். சோழர் குலம் எங்கே தொடங்குகிறது? சூரியனிடம்! கதிரவன் பெற்றான், அவன் மகன் இவன், இவன் பேரன் அவன் என்று புராண வீரர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, கடைசியில் ராஜேந்திரனிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். சூரியனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்ட தாசில்தார் உண்டா? இல்லை. தோல் ஆலைத் தோழரிடம்தான் கேட்பார்கள்!

அரசனுக்கு அடுத்தபடி பாளையக்காரருக்கு இருந்தது. நம் திண்டுக்கல் சீமை பாளையங்களின் சீமை. விருப்பாட்சி, கன்னிவாடி, இடையகோட்டை, ஆயக்குடி என்று திரும்பிய பக்கமெல்லாம் பாளையம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தச் சீமை திப்புவிடமிருந்து கும்பெனியின் கைக்குப் போயிற்று. புதிய எசமானுக்குத் தன் உரிமையை மெய்ப்பிக்கவேண்டிய நிலை பாளையக்காரருக்கு. அந்தக் காலத்தில்தான் காலின் மெக்கன்சி என்ற நில அளவை அதிகாரி ஏடு, கல்வெட்டு, வாய்மொழி என்று எதையும் விடாமல் திரட்டினார். அவர் திரட்டியவற்றில் பாளையக்காரர் வம்சாவளிகளும் உண்டு. எங்கள் முன்னோன் இன்ன நாயக்கரிடம் இன்ன வீரம் காட்டினான், இன்ன பட்டம் பெற்றான், இத்தனை ஊர் பெற்றான் என்று நீளும் கதைகள். அவற்றைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. உரிமை எப்படிப் பேசப்பட்டது என்பதற்கு அவை சான்று. ஆனால் அந்த இத்தனை ஊரில் ஏர் பிடித்தவன் யார்? அந்த ஏடுகளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

மேல்நாட்டில் கதை வேறு. இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று ஆணை பிறந்தது. செருப்புத் தைப்பவன் மகனும் பதிவானான், சீமான் மகனும் பதிவானான். 404 வட்டாரங்களின் பதிவேடுகளை வைத்து ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்து மக்கள்தொகை வரலாற்றை 1981இல் ஒரு பெருநூலாக்கினார்கள். எத்தனை வயதில் மணம், எத்தனை பிள்ளை, எந்தப் பஞ்சத்தில் எத்தனை சாவு என்பதெல்லாம் எளிய மக்களின் பெயர்களிலிருந்து எழுந்த கணக்கு!

ஜப்பானும் அப்படியே. அங்கே கிறித்தவத்தைத் தடை செய்த அரசு, ஒவ்வொருவனும் எந்தப் பௌத்தக் கோயிலைச் சார்ந்தவன் என்று சிற்றூர்தோறும் வீடு வீடாக எழுதி வைக்கச் செய்தது. மதத்தை வேவு பார்க்கப் போட்ட ஏடு அது. ஆனால் பெயரும் வயதும் உறவும் அதில் பதிந்துவிட்டன. அந்த ஏடுகளைக் கொண்டு உழவர் குடும்பங்களின் வரலாற்றை எழுதினார் அகிரா ஹயாமி என்ற அறிஞர். அடக்குமுறைக்குப் போட்ட கணக்கு அறிவுக்குப் பயன்பட்டது. வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

நமக்கோ அத்தகைய ஏடுகள் இல்லை. ஓலை செல்லரித்தது, வெள்ளம் கொண்டது, அடுப்பில் எரிந்தது. மிஞ்சியது கல். அந்தக் கல்லைத் தேடித்தான் வந்தார் கராஷிமா.

1933இல் பிறந்தவர், தோக்கியோ பல்கலைக்கழகத்து மாணவர், 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தார். வடமொழி கற்று வேதாந்தம் பேச வந்தவரில்லை, தமிழ் கற்றுக் கல்வெட்டுப் படிக்க வந்தவர். கல்வெட்டுப் படிப்பது என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பது என்று எண்ணிவிடாதே. ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டவேண்டும். தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளைப் புகுத்தவேண்டும். மேலே மையை ஒற்றவேண்டும். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கருப்பாகவும் விழும். அதுதான் மைப்படி. பூட்டுக்கு லீவர் அறுக்கிற பொறுமை வேண்டும் என்று சொன்னால் நம் பட்டறைத் தோழருக்குப் புரியும்.

அவருக்கு முன்னும் பெரியவர்கள் கல்வெட்டுப் படித்தார்கள். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு எவரும் தாண்டிப்போக முடியாத நூல். மாற்றுக் கருத்து உடையவன் நான், எனினும் உழைப்பை மறைக்கமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட நூல்களில் அரசனும் போரும் ஆட்சியும் முன்னே நிற்கும். சான்றுக்கு ஒரு கல்வெட்டு, ஒப்புக்கு ஒரு கல்வெட்டு என்று எடுத்து வைப்பார்கள். கராஷிமா கேட்டது வேறு. ஒரு கல்வெட்டு போதாது, எல்லாவற்றையும் எடு, எண்ணு! எந்த நூற்றாண்டில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, எந்தப் பட்டம் பெருகுகிறது, எந்தப் பட்டம் தேய்கிறது என்று எண்ணிப் பார்!

அந்த எண்ணிக்கையின் உச்சம் 1978இல் வெளிவந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவு, மூன்று தொகுதிகள். கராஷிமாவோடு உழைத்தவர்கள் நம் ஒய். சுப்பராயலுவும், தோரு மட்சுயி என்ற ஜப்பானியரும். கணிப்பொறி என்ற சொல்லே நம் தெருவுக்கு வராத காலத்தில் அதன் துணையோடு செய்த வேலை. வெளியிட்டது யார் தெரியுமா? இங்கிலாந்துப் பதிப்பகமா? இல்லை, நமக்குப் பக்கத்து ஊர் மதுரையில் இருந்த சர்வோதய இலக்கியப் பண்ணை! சோழநாட்டின் நாடுகள் எங்கெங்கே இருந்தன என்று ஊர் ஊராகத் தேடி 1973இலேயே நூல் எழுதியவர் சுப்பராயலு. ஜப்பானியரைப் புகழும்போது அவரை மறப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே உடைக்கிறேன்.

பெயரை எண்ணி என்ன கிடைக்கும் என்கிறாயா? ஒரு பெயரைப் பிரித்துக் காட்டுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் கோயில் காரியம் பார்த்தவர் ஒருவர்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். மூச்சு வாங்குகிறதா? மெல்லப் பிரி. பொய்கைநாடு கிழவன் என்பது ஊர்ப்பற்றும் உரிமையும். ஆதித்தன் என்பது அப்பன் பெயர். சூரியன், அவர் சொந்தப் பெயர். தென்னவன் மூவேந்தவேளான் என்பது அரசு தந்த பட்டம். ஒரே பெயரில் ஊர், அப்பன், ஆள், பதவி நான்கும்! இப்படி ஆயிரக்கணக்கான பெயர்களை அடுக்கிப் பார்த்தால், யார் நிலம் வைத்திருந்தார்கள், யார் அரசனோடு நெருங்கினார்கள், எப்போது நெருங்கினார்கள் என்று தெரிகிறது. மூவேந்தவேளான் பட்டம் ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் செழிக்கிறது. சோழர் இறுதிக் காலத்தில் மங்குகிறது. அரையன் என்பது போன்ற பட்டங்கள் ஓங்குகின்றன. பட்டத்தின் பின்னே நிலம் கைமாறுகிறது. புதிய முதலாளிகள் தோன்றுகிறார்கள். எந்தப் புலவனும் பாடாத மாற்றம், எண்ணிக்கை சொல்லிவிட்டது!

இங்கே ஓர் இடைச்செருகல். அப்பன் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே சொல்லும் அந்த முறை செத்துவிட்டதா? உன் பெயருக்கு முன்னே ஒற்றை எழுத்துப் போட்டுப் புள்ளி வைக்கிறாயே, அதைப் பார். வடக்கே போனால், "உன் குடும்பப் பெயர் என்ன" என்று திணறவைக்கிறார்கள். நமக்கு அது கிடையாது. பெயரின் பின்னே தொங்கிய சாதி வாலையும் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு வெட்டச் சொன்னது. தமிழன் வெட்டினான். இன்னும் ஐந்நூறு ஆண்டு கழித்து இன்னொரு கராஷிமா வந்து நம் பெயர்களை எண்ணினால், 20ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஒரு வால் திடீரென்று மறைவதைக் கண்டு வியப்பார். காரணம் தேடி அலையட்டும்!

மீண்டும் அவரிடம் வருவோம். கராஷிமாவின் பெயரை முதலில் ஊரறியச் செய்தது பெயரடைவு அல்ல, இரண்டு சிற்றூர்கள். நம் ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் திருச்சி. அதற்கு மேற்கே, காவிரிக் கரையில் அல்லூர். அதன் பக்கத்திலே சோழர் காலத்தில் ஈசானமங்கலம் என்ற பிரம்மதேயம், அதாவது பார்ப்பனருக்கு விட்ட ஊர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, கராஷிமா இந்த இரண்டு ஊரைப் பற்றிப் படித்தார். என்ன கண்டார்? ஈசானமங்கலத்தில் நிலம் விற்பவர் தனி ஆள். இன்னான் மகன் இன்னான், என் நிலம், நான் விற்கிறேன். அல்லூரிலோ விற்பது ஊர். ஊரார் கூடி, ஊர் நிலத்தை, ஊராக விற்கிறார்கள். ஒன்றில் தனியுடைமை, மற்றொன்றில் கூட்டுரிமை! பிரம்மதேயத்து உடையவர் தாமே உழுதாரில்லை. உழ வேறு ஆள் இருந்தார்கள். அல்லூரில் உடையவரே உழுதவராக இருந்திருக்கவேண்டும் என்றார் அவர். அந்தக் கூட்டுரிமையைக் கண்டு, சோழர் காலம் பொதுவுடைமைப் பொற்காலம் என்று நாம் துள்ளக்கூடாது. அல்லூர் ஊராரும் நிலமுள்ளவர்கள்தாம். நிலமில்லாதவன் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. பிற்காலத்தில், சாதாரண ஊர்களிலும் தனியார் உடைமை பரவியது என்பதையும் அதே கராஷிமாதான் காட்டினார்.

சரி, அந்த நிலமில்லாதவன் எங்கே? தேடு. தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலே தேடு.

அங்கே இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்றில் 400 பெண்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள். எந்தச் சேரி, எந்தச் சிறகு, தலைவீடா, இரண்டாம் வீடா, பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வீட்டு எண் வாரியாக வெட்டிவைத்தான் ராஜராஜன். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன்னே கல்லில் ஒரு குடிக்கணக்கு! ஆனால் ஒன்றைக் கவனி. ஆதித்தன் சூரியனுக்கு முன்னே அப்பன் பெயர் நின்றதல்லவா? இந்தப் பெண்களுக்கு முன்னே நிற்பது நக்கன். நக்கன் என்றால் சிவன். நானூறு பேருக்கும் ஒரே அப்பன்! பெற்றவன் பெயர் கல்லுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொரு பட்டியல், கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வரி நீக்கிய இடங்கள் வரிசையாக வருகின்றன: ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது! இந்தப் பட்டியலை வரி வரியாக அலசியவர் கராஷிமா. தீண்டாமை கல்வெட்டிலே எப்போது, எந்தச் சொல்லில் தலைகாட்டுகிறது என்று தனிக் கட்டுரையே எழுதினார். நெல்லளக்கும் ஊருக்குப் பெயர் உண்டு. சேரிக்கு எல்லை உண்டு. சேரியில் வாழ்ந்தவன் பெயர்? ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. உழைத்தான், நட்டான், அறுத்தான், சுமந்தான். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடமாக மட்டும் எழுதப்பட்டான்.

சோழப் பொற்காலத்தை மேடையில் புகழும் நாக்கு என்னுடையது. தஞ்சைக் கோபுரத்தை இனியும் புகழ்வேன். அது தமிழன் கை வேலை. ஆனால் இந்தப் பட்டியலைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய மாதிரி முழங்க வாய் வரவில்லை. வெட்டி என்று ஒரு வரி, கூலியில்லாமல் உழைப்பது. சோழர் கல்வெட்டில் அடிக்கடி வரும் சொற்களில் ஒன்று அது. "வெட்டி வேலை" என்று இன்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்!

1201ஆம் ஆண்டு. திருப்பாம்புரம். மூன்றாம் குலோத்துங்கன் காலம். பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. ஒரு வேளாளன், தன்னையும் தன் இரண்டு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றான். கோயில் வாங்கியது, கல்லில் எழுதியது. விற்பனைப் பத்திரம் என்பதால் இந்தக் குடும்பம் வரலாற்றில் நுழைந்தது. அந்த ஆண்டு விற்க முடியாமல் செத்தவர்களுக்குப் பத்திரமும் இல்லை, கல்லும் இல்லை.

அறுநூற்றெழுபது ஆண்டு கழித்து எண்ணினார்கள். 1871இல் சென்னை மாகாணத்தில் ஒழுங்கான முதல் குடிக்கணக்கு. சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். 1881இல் மீண்டும் எண்ணியபோது சுமார் 3 கோடியே 8 லட்சம்! பத்து ஆண்டில் பெருகவேண்டிய மாகாணம் சுருங்கியிருந்தது. பிழைக்கக் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்கள் கங்காணியின் கணக்கில் கடனாளிகளாக ஏறினார்கள். நம் திண்டுக்கல், அன்றைய மதுரை மாவட்டம். 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று. இந்தக் கரிசலிலும் செம்மண்ணிலும் யார் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்பது அந்தக் கூட்டுத் தொகைக்குள் புதைந்து கிடக்கிறது.

அழுகைக் கதை மட்டும்தானா என்று கேட்பாய். இல்லை. 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றைக் கராஷிமாவும் சுப்பராயலுவும் துருவினார்கள். விசயநகர ஆட்சி. அதிகாரியும் நில உடைமைக்காரனும் சேர்ந்து வரி என்ற பெயரில் கசக்கினார்கள். வலங்கை 98, இடங்கை 98 என்று காலமெல்லாம் முட்டி மோதிய இரண்டு பிரிவும் ஒன்றாகக் கூடின. இன்னதுக்கு இவ்வளவுதான் தருவோம், அநியாய வரி தரமாட்டோம் என்று உடன்பாடு செய்து கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். உழைப்பவர்கள் தாமே சேர்ந்து கல்லில் எழுதிய கல்வெட்டு! பேரரசன் மெய்க்கீர்த்தியைவிட எனக்கு அது இனிக்கிறது.

இவ்வளவையும் எடுத்துக் காட்டிய மனிதர் தோக்கியோவில் பேராசிரியராக இருந்தார். 1989 முதல் 2010 வரை உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர். 1995இல் தஞ்சையில் எட்டாம் மாநாடு அவர் தலைமைக் காலத்தில்தான். 2010இல் கோவையில் மாநாடு கூட்ட அரசு முனைந்தபோது, ஆய்வாளர்கள் கட்டுரை எழுதப் போதிய காலம் வேண்டும், அவசரத்தில் ஒப்பமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோவையில் செம்மொழி மாநாடு தனியே நடந்தது. நம்மவர்களுக்குக் கசந்தது, எனக்கும் அன்று கசந்தது. ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒவ்வொரு பெயராக எண்ணியிருக்கிறார். அவரிடம் அவசரம் எடுபடாது என்று பிறகுதான் உறைத்தது. 2013இல் இந்திய அரசு பத்மஸ்ரீ தந்தது. தோக்கியோவுக்குச் சென்ற பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே அதை அவரிடம் அளித்தார். 2015 நவம்பர் 26இல் மறைந்தார். ஜப்பானிலே பொதுமக்களுக்கு அவரைத் தெரிந்தது வேறொரு வழியில்: நம் நாட்டுக் கறியின் வரலாறு பற்றி எழுதினார், சித்திரக்கதை ஒன்றில் கறிப் பேராசிரியராகவே தோன்றினார். திண்டுக்கல் பிரியாணியைச் சுவைத்தாரா? சுவைத்திருக்கவேண்டும் என்று என் நெஞ்சம் ஆசைப்படுகிறது, அவ்வளவே!

இதையெல்லாம் மறுநாள் அதே கடையில் சொன்னேன். பூட்டுப் பட்டறைத் தோழர் நானூறு பெண்கள் கணக்கை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். தோல் ஆலைத் தோழர் பேசவேயில்லை. கடைசியில், "இப்போ எண்ணுறாங்களா?" என்றார்.

2021இல் எடுக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை, 2027இல் எடுப்பதாக 2025 சூனில் அறிவித்தார்கள், இந்த முறை சாதியும் கேட்பார்களாம் என்றேன்.

"வீட்டுக்கு வருவாங்களா?"

"வருவார்கள்."

"பேரு எழுதுவாங்களா?"

"எழுதுவார்கள்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பீடிக்கட்டு உறையை எடுத்துப் பிரித்தார். பேனா கேட்டார். உறையின் உட்பக்கத்தில் தன் அப்பன் பெயர், பாட்டன் பெயர், அதன் கீழே ஆத்தாளின் பெயரை எழுதினார். ஆத்தாளைப் பெற்றவள் பெயர் வரும்போது பேனா நின்றது. "வேடசந்தூர்ல எங்க பெரியம்மா இருக்கு, எண்பத்தஞ்சு வயசு. அதுக்குத் தெரியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேடசந்தூர் பேருந்து ஏறுகிறோம்.